நியமப்படி பன்னிரண்டு நிமிடம்

இல்லற நலத் துறை இயங்கிவந்த கட்டடம் அதற்கு முன் நில அளவைத் துறையிடம் இருந்தது. அளவையாளர்கள் காலி செய்தபோது நாற்காலிகளை எடுத்துச் சென்றார்கள். வரைபட மேசைகளையும், துருப்பிடித்த அளவுச் சங்கிலிகளையும், ஒரு வரைவாளரையும் விட்டுச் சென்றார்கள். தாம்பத்தியம் எப்படி நடக்க வேண்டும் என்று காட்டும் துறையின் நியம வளைகோட்டை வரைந்தவர் அந்த வரைவாளர்தான். அந்தக் கோடு ஒரு சிறு குன்றின் பக்கவாட்டுத் தோற்றம்போல இருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வரவேற்புக் கூடத்தில் ஒன்றரை ஆள் உயரத்துக்கு அது மாட்டப்பட்டிருந்தது. தலைப்பு: ‘தூண்டலும் துலங்கலும்.’ பள்ளிப் பாடப் புத்தகத்தில் தொட்டாற்சுருங்கிக்கு எழுதியிருக்கும் அதே சொற்கள்தான், இங்கே மணமானவர்களுக்கு. குன்றின் அடியில் இடமிருந்து வலமாக நான்கு சொற்கள்: விருப்பம், கிளர்ச்சி, உச்சம், ஓய்வு. மொத்தம் பன்னிரண்டு நிமிடம். பக்கத்தில் ‘இங்கே ரகசியம் காக்கப்படும்’ என்ற பலகை. பலகைக்கு நேர் கீழே ஒலிபெருக்கி.

ஒரு புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு, நாற்பத்தொன்று என்ற எண் சீட்டை ஆளுக்கொரு விரலால் பிடித்தபடி ஒரு கணவனும் மனைவியும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் லிஃப்ட் மெக்கானிக். அவள் ஒரு கண்ணாடிக்கடையில் வாடிக்கையாளர்களுக்குக் கண் பரிசோதித்துப் பவர் குறித்துக் கொடுப்பவள். மணமாகி ஆறு ஆண்டுகள். கடந்த இரண்டு மாதமாக அவன் வீட்டுக் கூடத்துச் சோபாவில் படுக்கிறான். வெளியே சொல்லிக்கொண்ட காரணம் முதுகுவலி. கீழ்வீட்டில் குடியிருந்த அவனுடைய அக்கா அதை நம்பவில்லை.

“முதுகுவலிக்குச் சோபாவா? எந்த டாக்டர்டா சொன்னான், அவனை எனக்குக் காட்டு” என்றாள் தம்பியிடம். பிறகு தம்பி மனைவியிடம் திரும்பி, “உனக்குக் கட்டில் பூரா கெடச்சுதேன்னு நீயும் காலை நீட்டிட்டியாக்கும்” என்றாள்.

உண்மைக் காரணம் இந்தத் துறையின் ஒரு துண்டறிக்கை. நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே நின்றுபோன ஒரு லிஃப்டுக்குள் அவன் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக்குப் பக்கத்தில் அது ஒட்டப்பட்டிருந்தது. படிப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால் பதினொரு தடவை படித்து, கடைசியில் உரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ‘உங்கள் மனைவி உங்களை விரும்புகிறாரா? மூன்றே கேள்விகளில் அறிவியல்பூர்வமாக அறியுங்கள். கேள்வி ஒன்று: நீங்கள் நெருங்கும் முன்பே அவரிடம் விருப்பம் தோன்றியிருக்கிறதா? இல்லை எனில், மற்ற இரண்டு கேள்விகளுக்குப் போக வேண்டாம்.’

அவன் போகவில்லை. யோசித்துப் பார்த்தான். ஆறு வருடத்தில் அவள் தானாகத் தொடங்கியதாக நினைவில்லை. அவன் கேட்பான். அவள் “ம்” என்பாள். அந்த ‘ம்’மில் மறுப்பு இல்லை, ஆவலும் இல்லை. பிற்பாடு எல்லாம் சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பிற்பாட்டை அவன் இரக்கம் என்று எடுத்துக்கொண்டான். அன்றே தலையணையோடு கூடத்துக்குப் போனான்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. தன்னிடம் ஏதோ குறை என்று அவளுக்கே வெகுநாளாகச் சந்தேகம். அவன் அதைக் கண்டுபிடித்துவிட்டான் என்று நினைத்தாள். ஆசை மின்னல் மாதிரி வெட்டும் என்று வார இதழ்களில் படித்திருக்கிறாள். அவளுக்கு ஒருநாளும் வெட்டியதில்லை. அவன் கை முதுகில் இருக்கும்போது, நாளைக்கு வர வேண்டிய லென்ஸ் பெட்டியைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பாள். கால் மணி கழித்து லென்ஸ் பெட்டி எங்கோ போய்விடும். அதற்குப் பிறகு அவளைவிட அவசரக்காரி கிடையாது. ஆனால் தொடக்கத்தில் இல்லாமல் நடுவில் வந்து சேரும் ஒன்றை ஆசை என்று சொல்லிக்கொள்ளலாமா என்பது அவளுக்குத் தெரியவில்லை. கேட்பதற்கும் ஆள் இல்லை.

சட்டைக்குச் சட்டை அவன் மாற்றி வைத்துவந்த துண்டறிக்கை, முந்தின வாரம் துணி துவைக்கப் போட்டபோது பையில் இருந்து விழுந்தது. அவள் அதைப் படித்துவிட்டு, “போய்க் கேட்டுடலாங்க. எனக்கும் தெரிஞ்சாகணும்” என்றாள்.

“நாற்பத்தொண்ணு!” என்றது ஒலிபெருக்கி. “துலங்கல் குறைபாடு, நாற்பத்தொண்ணு!”

கூடத்தில் இருந்த நாற்பது பேரும் யாரென்று திரும்பிப் பார்த்தார்கள்.

முகப்பு எழுத்தர் முன்னால் இருந்த ஒலிவாங்கியை அணைக்கும் வழக்கம் அந்த அலுவலகத்தில் இல்லை. பொத்தான் உடைந்திருந்தது. அவர் படிவத்தைப் புரட்டினார். பகுதி அ கணவருக்கு, பகுதி ஆ மனைவிக்கு.

“முதல் கட்டம் காலியா இருக்கேம்மா. விருப்பம், எத்தனையாவது நிமிஷம்?”

“வருது சார். ஆனா முதல்ல வராது.”

“பின்ன எப்ப வரும்?”

“ரெண்டாவதுக்கு அப்புறம் வரும்.”

எழுத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முதலாவது எப்படிம்மா ரெண்டாவதுக்கு அப்புறம் வரும்? படி ஏறாமலே மாடிக்கு வந்து நின்னுடுவீங்களா?”

“லிஃப்ட்டுன்னு ஒண்ணு இருக்கு சார்” என்றான் கணவன், தன்னை அறியாமல்.

“கம்ப்யூட்டர் ஒத்துக்காதுப்பா. முதல் கட்டத்துல எண் போட்டாத்தான் அடுத்த கட்டத்துக்கு நகரும்.”

“பூஜ்யம் போடுங்க சார்” என்றாள் மனைவி.

எழுத்தர் பூஜ்யம் போட்டார். திரையில் ‘விருப்பம் இல்லை. தொடர வேண்டாம்’ என்று வந்து படிவம் தானாக மூடிக்கொண்டது. அதையும் அவர் வாய்விட்டுப் படித்தார். ஒலிபெருக்கி திரும்பச் சொன்னது. மூன்றாவது வரிசையில் ஒரு முதியவர் “சின்ன வயசு, பாவம்” என்றார். அவருக்குப் பின்னால் குடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் “எனக்கும் அப்படித்தான்” என்று மெதுவாகச் சொன்னாள். எல்லாரும் திரும்பியதும், சொன்னது வேறு யாரோ என்பதுபோல அவளும் திரும்பிப் பார்த்தாள்.

வழக்கு ஆலோசகருக்குப் போயிற்று. ஆலோசகரின் அறையிலும் அதே குன்று, கொஞ்சம் சிறியதாக. அவர் கையில் ஒரு குச்சி வைத்திருந்தார்.

“ரொம்ப எளிமையான விஷயம்” என்றார். “ஆண் வந்து ஸ்விட்ச். தட்டினா எரியும். பெண் வந்து ஈர விறகு. ஊதிக்கிட்டே இருக்கணும். இது விஞ்ஞானம்.”

“சார், அவளை விறகுன்னு சொல்லாதீங்க” என்றான் கணவன்.

“உவமைதானேப்பா.”

“உவமையும் சரியில்ல சார். என்னையே எடுத்துக்குங்க. சில நாள் மனசு பூரா ஆசையா இருக்கும், உடம்பு லீவு போட்டுடும். ஸ்விட்சைத் தட்டிக்கிட்டே இருந்தாலும் எரியாது.”

மனைவி அவனைத் திரும்பிப் பார்த்தாள். “அலுப்பா இருக்கு” என்று சொல்லிவிட்டு அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த நாட்கள் அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவள் தன்னையே காரணமாக வைத்திருந்தாள்.

ஆலோசகர் படிவத்தைக் கவலையோடு பார்த்தார். “ஆண்களுக்கு அந்தக் கட்டமே இல்லையேப்பா. அதை எங்க எழுதறது?”

“இன்னும் கேளுங்க சார். மோட்டார் ரூம்ல நிக்கறப்போ, அந்த அதிர்வுல, சில சமயம் உடம்பு பாட்டுக்கு என்னமோ ஆகும். மனசுல ஒண்ணுமே இருக்காது. அப்ப நான் கேபிளுக்கு கிரீஸ் போட்டுக்கிட்டிருப்பேன். உடம்பு வேற, மனசு வேறன்னு நெனச்சுக்குவேன்.”

“தப்பு” என்றார் ஆலோசகர். அவர் முகம் தெளிந்தது. எங்கே எழுதுவது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. “நியமம் ஒன்பது: உடலின் துலங்கலே விருப்பத்தின் சான்று. உடம்பு பொய் சொல்லாது. அது எதைப் பார்த்து துலங்குதோ அதுமேலதான் உனக்கு விருப்பம்.”

“எது மேல சார்?”

“லிஃப்ட் மேல.”



“சரக்கு லிஃப்டா, பயணிகள் லிஃப்டா?” என்று ஆலோசகர் பேனாவைத் திறந்தபடி கேட்டார். “தனித்தனியா எழுதணும்.”

கணவன் மனைவியைப் பார்த்தான். ஆலோசகர் ‘பயணிகள்’ என்று எழுதிக்கொண்டார். அது குறைந்த அபாயமுள்ளது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து கணவன் அவள் கையை விலக்கினான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதத்தில் அவள் சிரித்து அவன் பார்த்தது அன்றுதான்.

‘சிரிப்பு, முப்பது விநாடி. நியமத்தில் இல்லை’ என்று குறித்த ஆலோசகர், இருவரையும் சீரமைப்பு வகுப்புக்கு அனுப்பினார்.

வகுப்பு மாடியில் நடந்தது. அளவையாளர்கள் விட்டுச்சென்ற சாய்வு மேசைகளில் இருபது தம்பதியர் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்திருந்தார்கள். பயிற்றுநர் முன்பு ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். கழுத்தில் விசில் தொங்கியது. வகுப்பில் நடப்பது எழுத்துப் பாடம் மட்டுமே. செய்முறையை வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி அவர் நிமிடங்களை அறிவித்தார்.

“ஒண்ணாவது நிமிஷம், விருப்பம்! எல்லாருக்கும் வந்தாச்சா?”

“வந்தாச்சு!” என்றது வகுப்பு.

“மூணாவது நிமிஷம், இதயத் துடிப்பு கூடும்! கூடுதா?”

“கூடுது!”

“கடைசி வரிசையில கொட்டாவி விடறது யாரு? ஓய்வு பன்னிரண்டுலதான்!”

பக்கத்து மேசையில் இருந்த ஒரு நடுத்தர வயதுப் பெண், பயிற்றுநர் அந்தப் பக்கம் திரும்பியதும் குனிந்தாள். “புதுசா? தேர்வுல ஒண்ணு, மூணு, ஒன்பது, பன்னிரண்டுன்னு எழுதிடுங்க. யோசிக்கவே யோசிக்காதீங்க. நான் ஒன்பது வருஷமா அப்படித்தான் எழுதறேன்.”

“உங்களுக்கு அப்படித்தான் நடக்குதாக்கா?”

“நடக்கறதை யாரும்மா கேட்டா?” என்றாள் அவள். அவளுடைய கணவர் அடுத்த இருக்கையில் ஒன்று, மூன்று, ஒன்பது, பன்னிரண்டு என்று ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டு, விடைத்தாளைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்கடையில் இவள் இதைப் பார்த்திருக்கிறாள். ஓட்டுநர் உரிமத்துக்காக வருகிறவர்களில் சிலர் எழுத்துப் பலகையை வெளியே நின்று மனப்பாடம் செய்துகொண்டு உள்ளே வருவார்கள். எல்லாரையும்விட வேகமாகக் கடைசி வரியைச் சொல்பவருக்குத்தான் பெரும்பாலும் கண் தெரியாது. அப்படிப்பட்டவர்களை அவள் திட்டுவதில்லை. பலகையை மாற்றிவிட்டு, “என்ன தெரியுதோ அதைச் சொல்லுங்க, தப்பா சொன்னா ஒண்ணும் இல்ல” என்பாள். அதன் பிறகுதான் அவளால் பவர் குறிக்க முடியும். இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் அமைவதுகூட அபூர்வம்.

தேர்வுத்தாளில் அவள் நடப்பதை எழுதினாள். ‘முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் வரும். எப்போது என்பது நாளுக்கு நாள் மாறும். சில நாள் கடைசி வரைக்கும் போகாது. அதனால் எனக்கு வருத்தம் இல்லை. சில நாள் வரவே வராது.’

மதிப்பெண் பூஜ்யம். விடைத்தாளின் ஓரத்தில் பயிற்றுநர் ‘கேள்விக்குத் தொடர்பில்லாத பதில்’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். கணவனுக்கும் பூஜ்யம். அவன் முதல் கேள்விக்கு எதிரே ‘அவளைக் கேட்க வேண்டும்’ என்று எழுதியிருந்தான். அது காப்பியடிக்கும் முயற்சி என்று கருதப்பட்டது.

மேல்முறையீடு செய்ய, நியமத்தின் மூலப் பிரதி ஒன்றை இணைக்க வேண்டும் என்றார்கள். அதற்காக அவள் மட்டும் பதிவறைக்கு இறங்கிப் போனாள். பதிவறைப் பொறுப்பாளர் ஓய்வுபெற இரண்டு மாதம் இருந்த ஓர் அம்மாள். பென்சில்களைச் சீவி நீளவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

“மூலப் பிரதியா?” என்றார். “இருபத்தெட்டு வருஷத்துல யாரும் கேட்டதில்ல.”

கோப்பு கனமாக இருந்தது. நியமம் எப்படி வந்தது என்பது அதில் எந்த மறைவும் இல்லாமல் எழுதப்பட்டிருந்தது. துறை தொடங்கிய ஆண்டில், ஆண்டுப் பேரவைக் கூட்டத்தன்று, மதிய உணவுக்கும் தேநீருக்கும் இடையே, ஊழியர்கள் இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் படிவம் கொடுக்கப்பட்டது. முன்வரிசையில் இருந்த அன்றைய இயக்குநர் முதலில் நிரப்பி, மொத்தம் பன்னிரண்டு நிமிடம் என்று எழுதி, பின்வரிசைக்குக் கொடுத்தார். இயக்குநருக்கு மேலே எழுதுவது மரியாதை இல்லை. கீழே எழுதுவது கௌரவம் இல்லை. இருநூற்றுப் பதின்மூன்று படிவங்களில் பன்னிரண்டு என்று இருந்தது.

“பகுதி ஆ-வை மனைவிமார் எப்ப நிரப்பினாங்கம்மா? அவங்க கூட்டத்துக்கு வந்திருந்தாங்களா?”

அம்மாள் படிவத்தின் அடிக்குறிப்பைப் பென்சிலால் தொட்டுக் காட்டினார். ‘பகுதி ஆ: குடும்பத் தலைவர் நிரப்புக. மனைவி நிரப்ப வேண்டாம்.’

அவள் அதை இரண்டு முறை படித்தாள். ஆறு வருடமாகத் தன்னைத் தூக்கம் இழக்கவைத்த அளவுகோல், தேநீர் வருவதற்குள் ஆண்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது என்பது புரிய அவளுக்குச் சற்று நேரம் ஆயிற்று.

“இருநூத்திப் பதின்மூணுதானே இருக்கு? ஒண்ணு குறையுதே?”

“அது என்னோடது” என்றார் அம்மாள். “அப்ப ஆபீஸ்ல நான் ஒருத்திதான் பொம்பளை. எனக்கும் கொடுத்துட்டாங்க. ஒரு நாள் நாப்பது நிமிஷம் ஆகும், ஒரு நாள் நாலு நிமிஷம், ஒரு நாள் அவர் சும்மா பக்கத்துல படுத்திருந்தாலே போதும், பிள்ளை பிறந்தப்புறம் ஒரு வருஷம் ஒண்ணுமே இல்ல, அப்புறம் தானா வந்துச்சுன்னு எழுதிக் கொடுத்தேன். இடம் பத்தலைன்னு பின்பக்கமும் எழுதினேன்.”

“என்ன பண்ணினாங்க?”

“அச்சுப்பிழைன்னு எடுத்துட்டாங்க.” அம்மாள் இன்னொரு பென்சிலை எடுத்தார். “என்னைப் பதிவறைக்கு அனுப்பினதும் அந்த வாரந்தான்.”

“அம்மா, அப்ப எனக்குக் குறை ஒண்ணும் இல்லையா?”

“தேவைப்பட்டா நல்ல டாக்டரம்மா யாரையாவது பாரும்மா, உடம்புல வலி கிலி இருந்தா கட்டாயம் பாரு. இருக்கா?”

“இல்லம்மா.”

“அவரு தொட்டா பிடிக்குதா?”

“பிடிக்கும்மா. கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான்.”

“இதுக்கு நீ ஏன் நாப்பத்தொண்ணாம் நம்பர் வாங்கினே?” என்றார் அம்மாள்.

இயக்குநரின் அறையில் விசாரணை மூன்று மணிக்கு நடந்தது. நியமம் உருவான நாளில் இவர் இரண்டாவது வரிசையில் இருந்தவர். மேசை மேல் இரண்டு தாள்களை வைத்தார். ஒன்றில் கணவன் ‘மனைவியின் துலங்கல் குறையால் பாதிக்கப்பட்டவன்’ என்றும், மற்றதில் மனைவி ‘குறையுடையவள்’ என்றும் கையொப்பமிட வேண்டும். அந்தப் பதிவு இருவருடைய குடும்பப் பதிவேட்டிலும் ஏறும். பிறகு அழிக்க வழியில்லை. கணவனின் பயணிகள் லிஃப்ட் விவகாரத்தை, கருணையின் அடிப்படையில், பெரிதுபடுத்தாமல் விட்டுவிடுவதாக இயக்குநர் சொன்னார்.

“சார், ஆளுக்கு ஆள் வேற மாதிரி இருக்கக்கூடாதா?” என்று அவள் கேட்டாள்.

“இருக்கலாம்மா. யார் இல்லைன்னா? ஆனா துறை அதை ஒத்துக்க முடியாது” என்றார் இயக்குநர். எழுந்து நின்றார். உட்கார்ந்து பேசும் விஷயம் இல்லை இது என்று அவருக்குத் தோன்றியது. “யோசிச்சுப் பாருங்க. ஆளுக்கு ஆள் வேறன்னு ஒத்துக்கிட்டா, ஆளுக்கு ஆள் கேக்க வேண்டி வரும். கேக்கறதுக்கு நம்மகிட்ட ஆள் இருக்கா? சொல்றதுக்குத்தான் ஆள் இருக்கு. அதுவும் இந்த அம்மா, ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் மாறும்னு எழுதியிருக்காங்க. அப்ப நான் கொடுக்கற சான்றிதழ்ல தேதி போட்டாப் போதுமா? மணியும் போடணும். சாயங்காலம் செல்லாமப் போயிடும். இந்தத் துறையோட வெற்றி விகிதம் தொண்ணூத்தெட்டு புள்ளி ஆறு. பரிசு வாங்கியிருக்கோம். ஜனங்க நல்லா இருக்காங்களா இல்லையாங்கறது இரண்டாவது. நியமத்துல இருக்காங்களா, அதைத்தான் நாங்க பாக்கணும்.”

“உங்க வீட்ல எப்படி சார்?” என்றான் கணவன். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

“முப்பது வருஷம். பன்னிரண்டு நிமிஷம். ஒரு விநாடி கூடினதும் இல்ல, குறைஞ்சதும் இல்ல.”

“உங்க வீட்டம்மா சொன்னாங்களா?”

“அவங்க எதுக்குச் சொல்லணும்? பதிவேடு இருக்கே” என்றார் இயக்குநர். தன் பதிலில் ஏதோ இடித்தது போல ஒரு கணம் நின்றார். பிறகு அது பிற்பகல் களைப்பு என்று எடுத்துக்கொண்டு, பேனாவைக் கணவனிடம் நீட்டினார்.

கணவன் பேனாவை வாங்கினான். தாளைப் பார்த்தான். பிறகு மனைவி பக்கம் திரும்பினான்.

“எனக்குக் குறைன்னு நீங்க நெனக்கிறீங்களா?” என்று அவள் கேட்டாள். சத்தமாகக் கேட்கவில்லை. ஆனாலும் அந்த அறையில் அன்று கேட்கப்பட்ட கேள்விகளில் அது ஒன்றுக்குத்தான் அவள் பதிலை எதிர்பார்த்தாள்.

“உனக்கு என்னைப் பிடிக்கலைன்னு நெனச்சேன்” என்றான் அவன். “குறைன்னு நெனக்கல. எப்படின்னு எனக்குத் தெரியல. நான் உன்னைக் கேட்டதே இல்லையே.”

“தெரியலைன்னு ஒரு கட்டம் படிவத்துல இல்ல” என்று இயக்குநர் நினைவூட்டினார்.

கணவன் பேனாவை மூடினான். மிகவும் மரியாதையாக, தாளின் மேல் உருண்டு ஓடிவிடாதபடி குறுக்காக வைத்தான். “அப்ப இது எங்களுக்கான படிவம் இல்ல சார்” என்றான்.

இயக்குநர் கெஞ்சிப் பார்த்தார். கையொப்பம் இல்லாவிட்டால் அவர்களை வகைப்படுத்த முடியாது. வகைப்படுத்த முடியாத ஒரு தம்பதி புள்ளி ஆறைப் புள்ளி ஐந்தாக்கிவிடும் என்றார். அவர்கள் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தார்கள். கூடத்தில் ஒலிபெருக்கி ஐம்பத்தெட்டு வரைக்கும் போயிருந்தது.

பேருந்து நிறுத்தத்தில் நிற்காமல் நடந்தார்கள். இரண்டு நிறுத்தம் தாண்டிவிட்டார்கள். மூன்றாவதற்கு முன்னால், ஒரு சைக்கிள் கடை வாசலில், அவன் ஆரம்பித்தான்.

“நீ ‘ம்’னு சொல்லுவியே, அதுக்கு என்ன அர்த்தம்?”

“கதவு திறந்திருக்குன்னு அர்த்தம். நான் இன்னும் வந்து சேரலை, வந்துக்கிட்டிருக்கேன். வேணாம்னா வேணாம்னு சொல்லிடுவேங்க. போன வருஷம் காய்ச்சலப்போ சொன்னேனே.”

“சொன்ன. ஆனா அந்த ‘ம்’மைக் கேட்டா எனக்கு பயமா இருக்கும். சகிச்சுக்கறியோன்னு.”

“அப்ப நிறுத்திட்டு கேளுங்க. வாய் இருக்குல்ல?”

“கேட்டா?”

“வரும், வரல, தெரியல. மூணுல ஒண்ணு சொல்லுவேன். வரலைன்னா அதோட விட்டுடணும், மூஞ்சியத் தூக்கக் கூடாது. தெரியலைன்னா அவசரப்படாம பேசிக்கிட்டிருக்கணும். எனக்கு அது பிடிக்கும்.”

அவன் தலையாட்டினான். கொஞ்ச தூரம் போன பிறகு, “எனக்கும் சில நாள் வராது” என்றான். “அது உன்னால இல்ல. அலுப்பு, கவலை, ஒண்ணுமே இல்லாமயும்கூட. அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. சுவத்தைப் பாத்துப் படுத்துக்குவேன்.”

“தெரியுதே” என்றாள் அவள். “இருக்கறதெல்லாம் பயணிகள் லிஃப்டுக்குப் போயிடுது.”

அவன் நடுத்தெருவில் நின்று சிரித்தான். சைக்கிளில் வந்தவர் மணியடித்துத் திட்டிவிட்டுப் போனார்.

அவர்களைப் பற்றிய கோப்பு மூடப்படவில்லை. துறை ஒரு குழு அமைத்தது. குழு நான்கு மாதம் கூடி, படிவத்தில் ‘பிற’ என்று ஒரு கட்டத்தைச் சேர்த்தது. அகலம் இரண்டு சென்டிமீட்டர். புதிய படிவம் அந்தத் தம்பதிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பப்பட்டது. பதினைந்து நாளில் நிரப்பி அனுப்பும்படி குறிப்பு. பதில் இல்லை. முதல் நினைவூட்டல் போயிற்று. இரண்டாவதும் போயிற்று.

மூன்றாவது நினைவூட்டல் ஒரு விடுமுறை நாள் பிற்பகலில் வந்தது. தபால்காரர் கதவைத் தட்டினார். கையெழுத்து வாங்காமல் போக முடியாது என்பதால் நின்றார். உள்ளே யாரோ ஏதோ கேட்பதும் யாரோ பதில் சொல்வதும் கேட்டன. பிறகு இருவரும் சேர்ந்து சிரிப்பது கேட்டது. கீழ்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “அவங்க இருக்காங்க, நீங்க அப்புறம் வாங்க தம்பி” என்றாள். தபால்காரர் படிக்கட்டில் உட்கார்ந்து சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, உறையின் மேல் ‘கதவு திறக்கப்படவில்லை’ என்று எழுதித் திருப்பி எடுத்துப் போனார். எத்தனை நிமிடம் காத்திருந்தார் என்பதை அவர் குறித்துவைக்கவில்லை.